லெசியேலி தைத்த மூன்று கவுன்கள்

லெசியேலிக்குத் தையல் வரும். அது ஒன்றுதான் வரும். வவாவுத் தீவில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு. கடையில் வாங்கிய கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை போனால், “பாவம், தாய் இல்லாத பிள்ளை போலிருக்கு” என்பாள், தாய் பக்கத்திலேயே நடந்து வந்தாலும்.

மே மாதத்து முதல் ஞாயிறு பிள்ளைகளின் ஞாயிறு. கோயிலில் பிள்ளைகள் பைபிள் வசனம் ஒப்பிப்பார்கள், பெற்றவர்கள் அழுவார்கள், பிறகு எல்லாரும் பன்றி தின்பார்கள். லெசியேலிக்கு வசனம் ஒரு பொருட்டே இல்லை. சிலியா, உவினிசே, பிசிலா என்ற தன் மூன்று பெண்களும் ஒரே துணியில், ஒரே தையலில், உயரவாரியாக வரிசையில் நிற்க வேண்டும். கோயிலே திரும்பிப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க அவள் உயிர் வாழ்ந்தது அந்த ஒரு காலைக்காகத்தான்.

துணி எங்கிருந்து வந்தது? தம்பி வீட்டிலிருந்து. தம்பி மனைவி ஃபோலோலா தன் பெண்களுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சாட்டின். லெசியேலி போனாள், தடவிப் பார்த்தாள், “நல்லாருக்கே” என்றாள், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகளின் அப்பனோடு பிறந்தவள் கை வைத்ததை எங்கள் டோங்காவில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஃபோலோலா சிரித்தபடிதான் வாசல்வரை வந்தாள். “தச்சு முடிச்சதும் கண்ணுலயாவது காட்டுங்க அண்ணி.”

“கோயில்ல பாரு. அங்க எல்லாருக்கும் காட்டத்தானே போறேன்.”

மூன்று வாரம் கைமெஷின் கடகடத்தது. கழுத்தில் லேஸ், பஃப் கை, இடுப்பில் அகல நாடா, கீழே மூன்றடுக்குச் சுருக்கு. ஏழு வயசுப் பிசிலா வசனத்தை ஒப்பித்துக் காட்ட வந்தால், “நேரா நில்லுடி, அளவெடுக்கணும்” என்பாள். பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டே அந்தச் சங்கீத வசனத்தில் பாதியைச் சொல்லி முடிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் தையல் முடிந்தது. புத்தியுள்ளவள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாள். இவள் மூன்றையும் தேய்த்து, தெருவைப் பார்த்த கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். நாத்தனார் நடமாடுகிற தெருவில்!

புருஷன் செமிசியின் அக்கா கலோ வந்தாள். பெரிய உடம்புக்காரி, பெரிய குரல்காரி.

“அடியம்மா! யாருக்கு இது?”

“பிள்ளைங்களுக்குத்தான் அண்ணி.” லெசியேலி கொடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இந்தச் சின்னது என் பொண்ணு மாஃபிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே. அவளுக்கும் நாளைக்கு வசனம் இருக்கு.” கொக்கியோடு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “நல்லா தைக்கிற லெசியேலி. கை மட்டும் தங்கம்.”

செமிசி தின்பண்டம் தேடுகிறவன்போல உள்ளே போய்விட்டான். அக்காவை எதிர்த்துப் பேசும் தம்பி இன்னும் பிறக்கவில்லை. லெசியேலி மட்டும் எந்த வாயால் பேசுவாள்? ஃபோலோலாவின் துணிக்கும் அதே சட்டம்தானே. மிச்சத் துணி ஒரு சாண்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஊசியைத் தொடவும் கூடாது.

மூவருக்கும் போன வருஷத்து மஞ்சள் கவுனைப் போட்டிருந்தால் தீர்ந்தது. இடுப்பைப் பிடிக்கும், கணுக்கால் தெரியும், ஆனால் மூன்றும் ஒன்றுதான். எந்தத் தாய்க்கும் தோன்றியிருக்கும். லெசியேலிக்கு வேறொன்று தோன்றியது. காலையில் பிசிலாவிடம், “உனக்குக் காய்ச்சல்” என்றாள்.

“இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல.”

“காய்ச்சல்னா காய்ச்சல். படுடி.”

கோயிலில் சிலியாவும் உவினிசேவும் வெள்ளைவெளேரென்று நின்றார்கள். பக்கத்தில் அதே வெள்ளையில் மாஃபி. மூன்று பெண்கள், ஒரே வரிசை. பின்பெஞ்சில் யாரோ “அழகு” என்றது லெசியேலி காதில் விழுந்தது. அவள் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. எல்லாம் அவள் நினைத்தபடியே. வீட்டில் கிடப்பது தான் பெற்றது என்பதும், நிற்பது நாத்தனார் பெண் என்பதும் அவளுக்கு உறுத்தவே இல்லை.

போதகர் கூப்பிட்டார்: “பிசிலா.”

“காய்ச்சல், ஐயா” என்றாள் லெசியேலி.

கலோ எழுந்தாள். “காய்ச்சலா? இப்பதான் வர்றப்ப பார்த்தேன், சன்னல்ல உக்காந்து தனக்குத்தானே வசனம் சொல்லிக்கிட்டிருந்தா! என் தம்பி மகளை ஏன் ஒளிச்சு வச்ச?” பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே நடந்தாள். கோயில் காத்திருந்தது. செமிசி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுப் பாவாடையோடு வந்தது பிள்ளை. கலோ, கோயிலுக்கு மரியாதையாக இடுப்பில் கட்டும் தன் பாய்ப் பின்னலை அவிழ்த்து அதன் இடுப்பில் இரண்டு சுற்றாகக் கட்டியிருந்தாள். பிசிலா சங்கீதம் முழுவதும் ஒரு எழுத்து தப்பாமல் சொன்னது. கிழவர்கள் தேம்பினார்கள்; ஃபோலோலாகூட மூக்கைத் துடைத்தாள்.

வெளியே வந்ததும் பிள்ளை ஓடி வந்தது. “நல்லா சொன்னேனாம்மா?”

“இந்தப் பாவாடையோட ஏன்டி வந்து என் மானத்த வாங்குன?”

பிசிலா திரும்பிப் போய்க் கலோவின் கையைப் பிடித்துக்கொண்டது. அன்று பன்றிக்கறி அங்கேதான் தின்றது. சாயங்காலம் கூப்பிடப் போன சிலியா தனியாகத் திரும்பினாள். “வரமாட்டாளாம். அத்தையும் விடமாட்டாங்களாம்.”

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு லெசியேலி கூசாமல் சொன்னாள்: “காய்ச்சல் விடட்டும்னு அண்ணி வச்சிருக்காங்க.” அந்தக் காய்ச்சல் பிசிலாவுக்குக் கல்யாணமாகும்வரை விடவில்லை.