அரிவாள் வாங்கும் முகம்

அரிவாள் வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வேப்பங்கிளை எங்கள் சமையலறைக் கூரை ஷீட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு புயல் போதும். பலமுறை சொல்லியும் அந்த வீட்டுக்காரர் வெட்டவில்லை. நானே வெட்டுவதென்று இன்று தாம்பரம் மார்க்கெட் இரும்புக்கடைக்குப் போனேன்.

பளபளப்பான ஒன்றின் பிடி ஆடியது. தள்ளிவைத்தேன்.

"இத்தப் பாருக்கா, லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. நல்லா வெயிட்டா கீது," என்றார் கடைக்காரர்.

தூக்கிப் பார்த்தேன். "ஒரே போடுல துண்டாயிடுமா?"

"எலும்பே துண்டாயிடும்க்கா!"

திரும்பினால், பின்னால் பக்கத்து வீட்டுக்காரர், கையில் ஆணிப் பொட்டலத்தோடு. பார்வை அரிவாளை விட்டு நகரவில்லை.

"மேடம்... எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமே?"

"பேசியாச்சே சார்," என்றேன்.

மறுநாள் சேர்த்தது: காலையிலேயே ஆள் வைத்துக் கிளையை வெட்டிவிட்டார். அரிவாள் சுற்றிய தாளோடு அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டோடு தகராறு உள்ளவர்கள் இரவல் கேட்கலாம்.