காரில் விட்ட செருப்பு

ராஜபாளையத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் மதுரைக்குக் கிளம்பினோம். வழியில் இரண்டு கோயில்களைப் பார்ப்பதாகத் திட்டம். ஓட்டுநரின் முழியே எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அய்யனார் கோவிலில் இறங்கியபோது, பைகளில் என்ன இருக்கிறது என்று வேறு கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் சிவன் கோயில் முன் வண்டி நின்றதும் நான்கு பைகளையும் இறக்கிவிட்டேன். செருப்புகளை மட்டும், கோயிலுக்குப் போகிற எல்லோரையும்போல, காரிலேயே விட்டோம். அத்தனை சுமையோடு சாமி கும்பிட்டு வெளியே வந்தால், நிறுத்திய இடத்தில் காரைக் காணோம். நடுப்பகல் தரை காலைப் பொசுக்கியது.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று மனைவியிடம் எகிறினேன். பைகள் என் கையில்தான் இருக்கின்றன என்பதுகூட உறைக்கவில்லை.

தெருவின் எதிர்ப்பக்கம், வேப்பமர நிழலில் கார் நின்றது. ஓட்டுநர் எங்கள் செருப்புகளை எடுத்துவந்து காலடியில் போட்டார்.

"பை அம்புட்டையும் தூக்கிட்டுப் போகவும், வாடகை குடுக்காம அப்படியே பஸ் ஏறிட்டீகளோன்னு நெனச்சேன் சார். பொறவு செருப்பைப் பாத்தேன். புதுசா இருந்துச்சு. அதான், வருவீகன்னு நின்னேன்."