டம்மிக்குப் போட்ட பனியன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். போகட்டும். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவள் நான். எங்கள் ஊரில் டீ-ஷர்ட்டுக்கும் பனியன் என்றுதான் பேர். மெர்ச்சண்டைசர் என்றால் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. அங்கே வாங்கியதை எல்லாம் இங்கே வகுப்பில் திருப்பிக் கொடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

கல்லூரியில் மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு பேப்பர் எடுக்கிறேன். ஐந்தைந்து பேராகச் சேர்ந்து, இதுவரை யாரும் செய்யாத ஒரு பொருளை யோசித்து, திட்டம் போட்டு, செய்து, கல்லூரி மைதானத்தில் ஒருநாள் கடை போட்டு விற்க வேண்டும். அந்த நாளுக்கு லாஞ்ச் என்று பெயர்.

முதல் வகுப்பில் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "உங்க பொருளுக்கு ஓகே சொல்ல வேண்டியது யாரு?"

"பையர்ங்க மேடம்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும்.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே பையர் என்ற சொல் காதில் விழுந்துவிடுகிறது. படம் அவன் அனுப்புவான், அளவு அவன் அனுப்புவான், எந்தச் சாயம் என்று காட்டத் துணித் துணுக்குகூட அவன் அனுப்புவான். நாம் தைத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவோம். அதைப் போட்டுக்கொள்கிற ஆள் குட்டையா நெட்டையா, அழுகிறானா சிரிக்கிறானா, நமக்கென்ன தெரியும்?

"அட சாமிகளா, பையரா அந்தப் பனியனைப் போடப்போறான்? போடறவனைப் பாருங்கடா!" என்று கத்துவேன். அந்த வருஷமும் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். இந்தக் கதையில் அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

ஒரு குழு நாய்க்குட்டிக்குப் பனியன் என்றது. ஒரு குழு மொபெட்டுக்குச் சீட்டு உறை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பல்லடம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாயைத் திறந்தே நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஒத்தைக் கையில போட்டுக்கற பனியனுங்க மேடம்."

வகுப்பு சிரித்தது. "யாரு வாங்குவா அதை?" என்றேன் நானும், கொஞ்சம் நக்கலாகவே.

"எங்கப்பாவுக்குங்க" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பா ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. குச்சி ஊன்றி நடக்கிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது, கை மட்டும் தொங்குகிறது. "அம்மா வேலைக்குப் போறப்ப இழுத்துப் போட்டுடறாங்க. கை வலிக்குதுங்க. வலிகூடப் பரவால்லீங்க. பொண்டாட்டியும் புள்ளையும் துணி போட்டுடறது அவருக்குத் தாங்கலீங்க. வேண்டாம்னுட்டு துண்டைப் போத்திக்கிட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு. முன்னெல்லாம் தெருமுனை பேக்கரியில டீ குடிக்காம அவருக்குப் பொழுது விடியாதுங்க. அவரே பனியனைப் போட்டுக்கிட்டு, அவரே நடந்து போயி, அங்க ஒரு டீ குடிக்கோணும். அவ்வளவுதானுங்க மேடம்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "சரி சரி, உக்காரு. திட்டத்தை எழுதிக் கொண்டா" என்று அதட்டினேன்.

அவள் குழுவில் ஒரு பையனுக்குப் பெருமாநல்லூரில் மாமா கம்பெனி. அங்கே சாம்பிள் தைத்தார்கள். கழுத்திலிருந்து வலது தோள் வழியாகக் கை முனை வரை முழுக்கத் திறப்பு, திறப்பு நெடுக அழுத்து பட்டன். குழந்தைத் துணி ஆர்டரில் மிஞ்சிய பட்டன். எவ்வளவு இழுத்தாலும் பிய்ந்து வராது என்று சோதித்து வாங்கியது என அந்தப் பையனுக்கு ஒரே பெருமை.

சாம்பிளைப் பார்க்க நானே போனேன். சாம்பிள் அறைக்குள் கால் வைத்ததும் பழைய புத்தி வந்து ஒட்டிக்கொண்டது. பனியனை டம்மிக்கு மாட்டியிருந்தார்கள். டம்மி என்றால், அளவு பார்ப்பதற்கென்று துணி சுற்றி நிறுத்தி வைத்திருக்கிற மனித உடம்பு. டேப்பை எடுத்து மார்பு, நீளம், தோள் என்று ஒவ்வொன்றாக அளந்தேன். அடி மடிப்பு அரை இஞ்ச் கூட. "இது தையலா, தாறுமாறா?" என்று ஒரு பிடி பிடித்தேன். பிரித்துத் தைத்தார்கள். அடுத்த தடவை நூலளவும் பிசகவில்லை. சாம்பிளோடு தொங்கிய அட்டையில் சிவப்புப் பேனாவால் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வருஷம் பையரின் அந்தக் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தவள் நான். அதை நானே போடும்போது ஒரு சுகம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "மேடம், ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி அப்பாவப் போட்டுப் பாக்கச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு? அளவெல்லாம் கச்சிதமா இருக்கு. லாஞ்ச் அன்னைக்குக் கூட்டிட்டு வா, அத்தனை பேர் முன்னால அவரே போட்டுக்கட்டும். அவருக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றேன்.

நாற்பது பனியன் தைத்தார்கள்.

லாஞ்ச் அன்று காலையில் அவள் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகச்சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, தோளைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தார். வெளியே வந்தே பல மாதமாகிறது என்று மகள் என் காதில் சொன்னாள். "புள்ள கூப்டுச்சு, அதான் வந்தனுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்து வகுப்பறைக்குள் பனியனோடு தனியாகப் போனார். கதவு மூடியது. வெளியே பையன்கள் வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே குச்சி விழும் சத்தம் கேட்டது.

"அப்பா!" என்று மகள் ஓடினாள்.

"வராத கண்ணு. வந்தர்றேன்."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வலது பக்கத் துணி தோளிலிருந்து நழுவித் தொங்கியது. இரண்டே இரண்டு பட்டன் மாட்டியிருந்தது, அதுவும் இடம் மாறி. அந்தப் பட்டனை அழுத்த ஒரு கை போதாது. ஒரு கை துணியைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை அழுத்த வேண்டும். மகள் ஓடிப்போய் எல்லாப் பட்டனையும் தன் இரண்டு கையாலும் டப்டப்பென்று மாட்டிவிட்டாள். கல்லூரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எது வேண்டாம் என்று ஒரு வருஷமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாரோ, அதையே நான் நடுமைதானத்தில் அவருக்கு நடத்தி வைத்தேன்.

"போனை உள்ள வைங்கடா!" என்று அலறினேன்.

"துணி மெத்துனு இருக்குது அம்மிணி" என்று மகளிடம் சொன்னார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவள் குழுவின் கடையில் அன்று ஒரு பனியனும் விற்கவில்லை. விற்க அவர்களும் முயலவில்லை.

இரண்டு நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. நான் தூங்கவில்லை. அந்த டம்மியே கண் முன்னால் நின்றது. கழுத்து உண்டு, மார்பு உண்டு, இடுப்பு உண்டு. கை கிடையாது. தோளோடு வெட்டி மூடி போட்டிருக்கும். எங்கள் ஊரில் எந்த சாம்பிள் அறையிலும் அப்படித்தான், பன்னிரண்டு வருஷமாகப் பார்த்ததுதான். கையில்லாத ஒன்றுக்கு ஐந்து பேர் பத்துக் கையால் பனியனை மாட்டியிருக்கிறார்கள். நானும் அரை இஞ்சுக்கு ஆடித் தீர்த்துவிட்டு ஓகே போட்டிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? போடறவனைப் பார் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய், ஒரு மகள் கேட்டபோது 'எதுக்கு' என்றது.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். வகுப்பில் எல்லார் முன்னாலும், "தப்பு இவளோடது இல்லை, என்னோடது" என்றேன். இப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒருத்தியின் துப்பட்டாவை வாங்கி, என் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். சுடிதாருக்கு மேலேயே அந்தப் பனியனைப் போடப் பார்த்தேன். கழுத்து மாட்டிக்கொண்டது. பட்டன் வழுக்கியது. பல்லால் கடித்துப் பார்த்தேன். முன் பெஞ்சில் ஒருத்தன் அடக்க முடியாமல் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் அவன் தொலைந்தான். அன்று நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு முயன்றார்கள். ஒருத்தராலும் முடியவில்லை.

"நீ போயி அப்பாகிட்டயே கேளு" என்றேன் அவளிடம்.

மறுநாள் கண் சிவந்து வந்தாள். "கேட்டனுங்க மேடம். 'என்ர அளவெடுத்த, தைச்ச, கூட்டிட்டுப் போன. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா அம்மிணி? நான் கட்டிங் மாஸ்டருன்னே மறந்துட்டீங்களா எல்லாரும்?'ன்னு அழுதுட்டாருங்க. அப்பறம் ராத்திரி அவரே எடதுகைல வரைஞ்சு குடுத்தாருங்க."

கோணல்மாணலான படம். சொன்ன விஷயம் மட்டும் நேராக இருந்தது. பட்டனே வேண்டாம். கைக்குழந்தைப் பனியனில் தோளில் முன்துணியும் பின்துணியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்குமே கழுத்து, இழுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் விரியுமே, அதையே பெரிய ஆளுக்கு வெட்டு. கையை அகலமாக விடு, இரண்டு பக்கமும். யாருக்கு எந்தக் கை விழுந்திருக்கும் என்று கண்டோம்? விழுந்த கையை முதலில் நுழைத்து, தலையை விட்டு, கடைசியில் நல்ல கை. முதுகுப் பக்கம் சுருண்டால் இழுத்துவிட அடியில் ஒரு நாடா. ஊரில் லட்சக்கணக்கில் குழந்தைப் பனியன் தைக்கிறோம். இது எங்கள் யார் மண்டையிலும் உதிக்கவில்லை.

இந்த முறை சாம்பிள் டம்மியிடம் போகவில்லை, நேராக அவரிடம் போனது. நான் அட்டையில் எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் ஒரு செய்தியும் இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் வந்து, "நாளைக்குக் காத்தால எங்க தெருமுனை பேக்கரிக்கு வாரீங்களா மேடம்? வருவாரான்னு தெரியாதுங்க. சும்மா வந்து உக்காந்திருங்க" என்றாள்.

போனேன். அவள் குழுவும் வந்திருந்தது. மூலை மேஜையில் உட்கார்ந்து, யாரும் முறைத்துப் பார்க்கக் கூடாது, யாரும் போனை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ஆளுக்கொரு டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் தெருவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் வேண்டாத தெய்வமில்லை.

வந்தார். இடது கையில் குச்சி, தோளில் துண்டு இல்லை. நீலப் பனியன். மெதுவாக ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

கிட்டே வந்ததும்தான் என் பாழாய்ப்போன மெர்ச்சண்டைசர் கண்ணுக்குத் தெரிந்தது. தையலெல்லாம் வெளியே. தோளில் துணி ஓரத்தைச் சுற்றி அடிக்கிற ஓவர்லாக் நூல் வரிசை பளிச்சென்று நிற்கிறது. பிடரியில் சைஸ் லேபிள் ஆடுகிறது. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவளும் பார்த்துவிட்டாள். "ஐயோ அப்பா" என்று எழப்போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கல்லாவில் இருந்தவருக்கு ஒரே சந்தோஷம். "வாங்க மாஸ்டர், எத்தனை நாளாச்சு! ஏனுங்க, பனியனத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

அவர் நின்றார். குனிந்து பார்த்தார். வாழ்க்கை முழுக்கத் துணி வெட்டிய மனுஷன்; பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அட, ஆமாங்க" என்றார். பிறகு சிரித்தார். "இருக்கட்டுங்க. நானே போட்டது."

குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ கேட்டார்.