பக்கி டயரும் என் வலது கண்ணும்

என் கணவர் ரிமோட் கார் பந்தயக்காரர். மண்ணிலும் மேட்டிலும் தாவி ஓடும் பக்கி வண்டி. முழங்கை நீளம்தான் இருக்கும். ஆர்ப்பாட்டம் என்னவோ தேர் அளவுக்கு. தொட்டியத்தில் வாழை வெட்டி முடித்த கொல்லையில் பந்தயம் என்றால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் முன்பே டயர் பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஜப்பான் பிராண்டு ரப்பர் மெத்தென்று இருக்கும்; மண்ணை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். சீன பிராண்டு விறைப்பு. நாள்பட உழைக்கும், திருப்பத்தில் வழுக்கும். இதெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றதில்லை, காதில் விழுந்து விழுந்தே வந்தது. கேட்டுச் சலித்துப்போய், இரண்டையும் ஒட்டித்தான் பாருங்களேன் என்றேன்.

டயரைச் சக்கரத்தில் மாட்டினால் மட்டும் போதாது, வேகத்தில் கழன்றுவிடும். விளிம்பை விரலால் விலக்கி, நொடியில் இறுகும் பசையை ஒரு சொட்டு விடவேண்டும். எனக்கு விரல் மெலிசு, அதனால் அந்த வேலை என் தலையில். ஜப்பான் டயர் சொன்னபடி கேட்டது. சீன டயரின் விளிம்பு, பசை விட்ட கையோடு வெடுக்கென்று விரலை விட்டு நழுவியது. பசை தெறித்து வலது கண்ணில் சுள்ளென்றது. இமையை மூடினேன். பிறகு திறக்க வரவில்லை.

கண் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர், ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்றபடி எதையோ திறந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அசிட்டோன். கோணலாக ஒட்டிய டயரை அதில் ஊறவைத்துத்தான் பிரிப்பார்கள். பழக்கதோஷம், மனுஷன் பஞ்சை நனைத்துக்கொண்டு என் கண்ணுக்கு வருகிறார்!

கையைத் தட்டிவிட்டேன். "இது கண்ணுங்க. டயர் இல்ல."

பஞ்சு கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கும் பயம் பிடித்தது. தண்ணீரால் கழுவிக் கழுவி, ஆட்டோ பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இழுத்துப் பிரிக்கக் கூடாது, தானாகவே விடும் என்று டாக்டரம்மா மருந்து போட்டார். பார்வைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன்.

"திறந்தாத்தாம்மா சொல்ல முடியும்."

பந்தயத்துக்கு அவர் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை. கண் திறந்ததும், ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லி இவரை ஒரு நிமிஷமாவது அலறவிடவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அப்படி விளையாடவும் கண் தெரிந்தாகவேண்டுமே என்ற நினைப்பு வரும், ஒத்திகை அங்கேயே நின்றுவிடும்.

ஒரு காலையில் துணிக்கடியில் இமை நெகிழ்ந்தது. முதலில் வெறும் வெளிச்சம். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். மெல்ல அவர் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத முகம். தெரிகிறதா என்று கேட்க வாயைத் திறந்தார்.

"தெரியுதுங்க. தெரியுது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பொத்திய கையை எடுக்காமல், வலது கண்ணாலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.