இறுக்காத போல்ட்டில் ஒரு மஞ்சள் கோடு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், சேரப்பணஞ்சேரியில் என் வீட்டை ஒட்டியுள்ள தகர ஷெட்டில் தொடங்கியது இது. என் மனைவியையும் இதில் சம்பந்தப்பட்டவர்களையும் தவிர வேறு யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான். இப்போதும் அந்தப் பயம் போய்விடவில்லை.

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எனக்குப் பதினோரு வருட வேலை. எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்குவது என் பொறுப்பு. உண்மையில் இறுக்குவது நான் இல்லை. மேலே இருந்து தொங்கும் கன்னை, அதாவது போல்ட்டை முடுக்கும் கருவியை, போல்ட்டின் தலையில் வைத்து அழுத்தினால் போதும், அதுவே வேண்டிய அளவுக்கு இறுக்கிவிட்டு நின்றுவிடும். பச்சை விளக்கு எரியும். உடனே நான் பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுக்க வேண்டும். இறுக்கியாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி. அடுத்து நிற்பவர் ஸ்பானர் போட்டுப் பார்க்க மாட்டார், கோட்டைத்தான் பார்ப்பார். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான கோடுகள். தூக்கத்தில்கூட என் விரல் கோடு இழுக்கிறது என்று மனைவி கேலி செய்வாள்.

எங்கள் மாடியில் குடியிருந்தவன் என் நண்பன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், என் வயதுதான். அதே தொழிற்சாலையில் வேறொரு லைனில் வேலை. அவனும் அவன் மனைவியும் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவன் எனக்கு ‘மச்சி’, நான் அவனுக்கு ‘மாப்ள’. வீட்டுக்காரன், குடித்தனக்காரன் என்ற பேச்சே எங்களுக்குள் இருந்ததில்லை.

அந்தக் காரை முதலில் பார்த்தவன் அவன்தான். சுங்குவார்சத்திரத்தில் ஒரு காயலான் கடையின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் கிடந்தது. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, நீண்ட மூக்கு, ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டிய நிறம். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் எஞ்சின் வெடித்துப் போயிருந்தது. அதற்கான உதிரி பாகம் ஊரில் எங்கேயும் கிடைக்காது. அதே கடையில், விபத்தில் நசுங்கிய ஒரு வேனின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது.

“உடம்பு நல்லாத்தான் கெடக்கு மாப்ள. நெஞ்சுதான் போச்சு. வேற நெஞ்ச வச்சிருவோம்லா” என்றான்.

என் மனைவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பொழுதன்னிக்கும் அங்க இரும்பைத் தொட்டுக்கினுதான கீறீங்க. வூட்லயும் இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அங்கே முழு வண்டி ஒன்றை நாங்கள் யாருமே செய்வதில்லை. எனக்குச் சில போல்ட், அவனுக்குச் சில குழாய். ஒரு வண்டியையாவது முதலிலிருந்து கடைசிவரை எங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

எனக்கும் அவனுக்கும் எப்போதும் எதிரெதிர் ஷிப்ட். நான் காலையில் போனால் அவன் மதியம் போவான், அடுத்த வாரம் மாறும். சேர்ந்து வேலை செய்ய வார விடுமுறை மட்டும்தான். அதனால் ஷெட்டையும் தொழிற்சாலை மாதிரியே நடத்தினோம். ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். செய்த வேலையை எழுதி, ‘செய்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் ‘பார்த்தவர்’ என்று இன்னொரு கட்டம். இறுக்கிய போல்ட்டுக்கு நான் மஞ்சள் கோடு, அவன் வெள்ளைக் கோடு. ஒருவன் கோடு போட்டதில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டு எங்களுக்கு அத்தனை பெருமை.

எடை தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, வாங்கிய வேன் எஞ்சினைக் காருக்குள் இறக்கிய ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்கவே முடியாது. இருவரும் வியர்வையில் குளித்திருந்தோம். உள்ளே உட்கார்ந்தபின்தான் தெரிந்தது, ஸ்டியரிங் கம்பி போகும் வழியை எஞ்சினின் புகைக்குழாய் மறிக்கிறது. கம்பியை வெட்டி, நடுவில் வளைந்து திரும்பும் ஒரு ஜாயிண்ட் வைத்தோம். படப்பையில் நல்ல கைராசிக்காரரிடம் வெல்டிங் செய்து வாங்கினோம். கம்பியையும் ஜாயிண்ட்டையும் சேர்த்துப் பிடித்து நிற்பது ஒரே ஒரு போல்ட்.

அந்த போல்ட்டைப் போட்டது நான். ஒரு வியாழக்கிழமை, எனக்கு மதிய ஷிப்ட். டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து சொல்லும் ஸ்பானர், மாடியில் அவன் பெட்டியில் இருந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தான், அவன் மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். சரி, இப்போதைக்குக் கையால் உட்காரவைப்போம் என்று போல்ட்டைத் திருகி, சின்ன ஸ்பானரால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்தேன். எழும்போதே என் கை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, போல்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

யோசித்துச் செய்யவில்லை. பதினோரு வருடமாக ஒரு போல்ட் உட்கார்ந்ததும் என் கை செய்வது அது ஒன்றுதான். இறுக்கும் வேலையை எப்போதும் கன் செய்துவிடும். ஷெட்டில் கன் இல்லை, பச்சை விளக்கும் இல்லை. கோடு மட்டும் வந்துவிட்டது. நோட்டிலும் எழுதவில்லை, நேரமில்லை. நாளைக்கு ரெஞ்ச் வாங்கி இறுக்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் பார்த்தால், அவன் போல்ட்டை மறைத்தபடி புகைக்குழாயை மாட்டிமுடித்திருந்தான். போல்ட் கண்ணுக்குப் படவில்லை. மறந்தே போனேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு ஓ.டி., தொழிற்சாலையில் இருந்தேன். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றி வாங்கும்வரை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பக்கத்தில் மனை பிரித்துப் போட்ட காலி இடத்தில் நல்ல தார் ரோடு உண்டு, ஆளே இருக்காது. “நீ வந்த பொறவு ஓட்டுவோமா மாப்ள?” என்று போனில் கேட்டான். நான்தான், “நீ எடு மச்சி, நான் வந்துட்டு ஓட்டிக்கிறேன்” என்றேன்.

அவன் ஓட்ட, அவன் மனைவி ஓரமாக நின்று போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். இரண்டு சுற்று நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவது சுற்றில், திருப்பத்தில், ஸ்டியரிங் மட்டும் சுற்றியிருக்கிறது, சக்கரம் திரும்பவில்லை. வண்டி நேராகப் போய்ச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் மோதியது. அவன் வலது கை ஸ்டியரிங்குக்குள் மாட்டி, மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

சூப்பர்வைசர் வந்து என்னைத் தோளில் தொட்டுக் கூப்பிட்டபோது நான் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் மூன்று விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைனில் நிற்கிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம்?

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டேன். தனியாகத்தான் பானட்டைத் திறந்தேன். ஜாயிண்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, அடித்தகட்டில் அந்த போல்ட் கிடந்தது. உடையவில்லை, மரைகூட அறுந்திருக்கவில்லை. ஆட்டத்தில் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. அதன் தலையில் என் மஞ்சள் கோட்டின் பாதி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். திருடனுக்கும் எனக்கும் அந்த நிமிடம் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் முதலில் கேட்டது நோட்டைத்தான். இடது கையால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். “ஸ்டியரிங் ஜாயிண்ட்டப் பத்தி எழுதவே இல்லியே மாப்ள. டார்ச் அடிச்சு மேல இருந்து பாத்தேன், மஞ்சள் தெரிஞ்ச மாரிதான் இருந்துச்சு. நீ கோடு போட்டியா?” என்று கேட்டான்.

“ஞாபகம் இல்ல மச்சி” என்றேன். மூன்றே வார்த்தை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக எதையும் சொன்னதில்லை.

அவன் நோட்டை மூடிவிட்டு, “அப்ப நான்தான் பாக்காம எடுத்துருக்கேன்” என்றான்.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் வீட்டின் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “பாக்காம கொள்ளாம எவனாவது ஓட்டுவானா? ஒங்களுக்குப் புத்தி எங்க போச்சு?” என்று அவன் மனைவி தினமும் ஏசுவாள். அவன் பதில் பேசவே மாட்டான். கீழே நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தொழிற்சாலையில் அவனுக்கு ஸ்டோரில் இலகுவான வேலைதான் கொடுத்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. அவனுக்குத்தான் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. பழைய லைனைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போக வேண்டும். கார்த்திகை பிறக்கும்போது, ஊருக்கே போய்விடுகிறோம் என்று சொன்னான். அந்த போல்ட் அத்தனை நாளும் என் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில், என்னோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். படி ஏறும்போதே பேச்சு வேறு எதற்காவது போய்விடும். கோழைக்குச் சாக்கா கிடைக்காது?

சாமான் ஏற்ற டெம்போ வரவிருந்த நாளுக்கு முந்தின நாள் காலை, அவன் டார்க் ரெஞ்சையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். “இதுக்கு மேல எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்கோ” என்றான். நோட்டின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. இடது கையால், சின்னப் பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணலாக எழுதியிருந்தான்: ‘ஸ்டியரிங் ஜாயிண்ட் போல்ட். இறுக்கியதா என்று பார்க்காமல் ஓட்டியது என் தவறு.’ கீழே கையெழுத்து. எங்கள் தொழிற்சாலையில் தப்பு செய்தவர் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கேட்காமல் அவன் போட்டிருந்தான்.

உள்ளே போய்ப் பையிலிருந்து போல்ட்டை எடுத்துவந்து அவன் இடது கையில் வைத்தேன். “நான்தான் மச்சி. இறுக்காம கோடு போட்டேன். மறுநாளே இது கெடைச்சிச்சு” என்றேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மஞ்சள் கோட்டைக் கட்டை விரலால் தடவினான். கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

“கை போனதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றான் கடைசியில். “அது எனக்கும் நடந்துருக்கும். ஆனா நாலு மாசம் மாப்ள... நாலு மாசமா என்னைய நானே நம்பாம கெடந்தேன். நீ கீழதான இருந்த?”

அழுதேன். அவன் அழவில்லை. “மேல போயி அவகிட்ட நீயே சொல்லு” என்றான்.

சொன்னேன். அவன் மனைவி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த வீடியோவ நூறு தடவ பாத்திருப்பேன்ணே. அவுக கைய நல்லாத்தான் திருப்புதாக. அது தெரிஞ்சும் அவுகளத்தான் ஏசுனேன்” என்றாள். என்னைத் திட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கீழே வந்தபோது அவன் தன் வரியைக் குறுக்கே அடித்து வைத்திருந்தான். நோட்டை என் பக்கம் தள்ளினான். அதன் கீழே நான் எழுதினேன். இறுக்காமல் கோடு போட்டதை எழுதினேன், போல்ட்டை மறைத்ததையும் எழுதினேன். ‘செய்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவனிடம் நீட்டினேன். அவன் முழுதாகப் படித்தான். பேனாவை வாங்கவில்லை. மாடிக்குப் போய்விட்டான்.

அவர்கள் போனபின் மாடியை வாடகைக்கு விட மனம் வரவில்லை. காரை அதே காயலான் கடைக்காரர் வந்து எடுத்துப்போனார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவேன், கூப்பிய கைகள் படம் ஒன்று பதிலாக வரும், அவ்வளவுதான். நான் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன், கோடு போடுகிறேன். நோட்டு ஷெட்டில் அதே ஆணியில் தொங்குகிறது. என் தப்பை எழுதி ஒப்புக்கொண்டதோடு அது முடிந்துவிடவில்லை என்பதை, இன்றுவரை காலியாக இருக்கும் அந்தப் ‘பார்த்தவர்’ கட்டம்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.