யானை வந்தால் பேசக்கூடாது

பள்ளிவாசல் என்ற ஊர்ப்பக்கம், தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் இன்னாசிராஜுக்கு வாய்தான் மூலதனம். மூணாறில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் யானையின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பும் சுற்றுலாக்காரர்களை வாயெல்லாம் பல்லாக இறக்கிவிட அவன் ஒருவனால்தான் முடியும். வழியில் கிடக்கும் யானைச் சாணியைக் காட்டியே அரைமணி நேரம் அளப்பான்.

அப்பேர்ப்பட்ட வாயாடிக்குப் பிறந்த ரெனிஷா, இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தையைக்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை. அப்பா அம்மாவிடம் மட்டும் கிசுகிசுப்பாள். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது.

காரணம் இன்னாசிராஜுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் ஒற்றை யானை ஒன்று ரேஷன் கடைக் கதவைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஒரு மாதம் லயத்தைச் சுற்றியே திரிந்தது. யானை வந்தால் விளக்கை அணை, வாயை மூடு. லயத்தில் எல்லோருக்கும் அதுதான் சட்டம். கைப்பிள்ளைக்குச் சட்டம் எப்படிப் புரியும்? மனைவி ஆனந்தி தேயிலை ஃபேக்டரிக்கு ஷிப்டு போகிற நாட்களில் அவன்தான் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாளில் ரெனிஷாவே தன் வாயைப் பொத்தப் பழகிவிட்டாள். "எம்பிள்ள மாதிரி எவம்பிள்ளடே இருக்கும்?" என்று ஜீப் ஸ்டாண்டில் பீற்றிக்கொண்டான்.

பீற்றலெல்லாம் அங்கன்வாடி நர்மதா டீச்சர் கூப்பிட்டனுப்பிய அன்றோடு சரி.

"பிள்ளைக்குக் காது கேக்கு, சொன்னா எல்லாம் புரியுது. ஆனா ஒரு தட்டு கீழ விழுந்தாலும் வாயைப் பொத்திக்கிட்டு மூலைல உக்காந்துருதா. வீட்டுல அடிக்கீங்களா?"

ஊருக்கெல்லாம் யானை காட்டிப் பிழைக்கிறவன், பெற்ற பிள்ளைக்கு யானையைச் சொல்லியே வாயை அடைத்துவிட்டோமே என்று இன்னாசிராஜுக்கு நெஞ்சு வலித்தது.

அந்த வாரமே பஞ்சாயத்து ஹாலில் ஒரு பரிபாடி, கலை நிகழ்ச்சி, என்று நோட்டீஸ் வந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு குழு வந்து குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறதாம். நோட்டீஸில் பெரிதாக ஒரு யானை.

"ஆனை நாடகமா? பிள்ள பயந்து கத்திரும்ங்க," என்றாள் ஆனந்தி.

"கத்தட்டும்டி. ஒரு தடவையாவது கத்தட்டும். அவ சத்தம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. ரெனிஷா அப்பா மடியில் உட்கார்ந்து திரைச்சீலையைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், மேளத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் மூக்குத்தியைப் பார்த்தாள். எதையும் அவள் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை, குடைந்து பார்ப்பாள். திடீரென்று மேளம் தொம் தொம்மென்று முழங்க, மூங்கிலும் சாம்பல் நிறத் துணியுமாக ஒரு யானை ஆடிக்கொண்டே உள்ளே வந்தது.

மற்ற ஊர்களில் இந்த இடத்தில் பிள்ளைகள் கூரையைப் பெயர்த்திருப்பார்கள். இங்கே எல்லாம் லயத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. அம்மாக்களின் கைகள் தானாகப் பிள்ளைகளின் வாய்க்குப் போயின. பின்னால் யாரோ ஒரு புண்ணியவான், பழக்க தோஷத்தில், விளக்கையும் அணைத்துவிட்டார்.

"கரண்ட் போயோ?" என்று மேளக்காரப் பெண் மலையாளத்தில் கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் யானை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

இன்னாசிராஜ் மடியைப் பார்த்தான். ரெனிஷா ஒரு கையால் தன் வாயைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தினாள். போச்சு, ஆசைப்பட்டுக் கூட்டிவந்து இருந்ததையும் கெடுத்தோம் என்று அவனுக்கு அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கை விலகியது. அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். பெஞ்சுக்கு அடியில் ஒளியப் போகிறாள் என்று நினைத்தான். அவளோ சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து யானையின் காலையே உற்றுப் பார்த்தாள். அவனும் குனிந்தான். துணிக்குக் கீழே முன்னால் இரண்டு நீல ரப்பர் செருப்பு, பின்னால் இரண்டு தோல் செருப்பு.

"அப்பா! ஆன செருப்பு போட்ருக்கு!"

ஹால் முழுக்கக் கேட்டது. கரகரத்த, கனத்த குரல். அப்படியே இன்னாசிராஜின் குரல்.

நீலச் செருப்பு ஒன்று வெட்கப்பட்டு இன்னொன்றின் பின்னால் ஒளியப் பார்த்தது. அதைக் கண்டு ரெனிஷா கெக்கெக்கே என்று சிரித்தாள். அடுத்த நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் தரையில் குப்புறக் கிடந்து ஒரே கூச்சல். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில்லாமல் இன்னாசிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஷிப்டு முடிந்து வந்த ஆனந்திக்கு வீட்டில் அதை ஏழெட்டுத் தடவை நடித்துக் காட்டினான். சிரித்து முடித்து அவள் கேட்டாள்: "எல்லாம் சரிதான். நெசமான ஆனை வந்தா இனிமே சும்மா இருப்பாளா?"

பிள்ளையின் வாயைத் திறந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு அப்படியே பயமாகத் திரும்பியது. அடுத்த மூன்று நாளும் ரெனிஷா லயம் அதிர அதிரப் பேசினாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை, பனி விலகாத நேரம். குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கியது. வெளியே மரக்கிளை முறிந்தது. ஆனந்தி விளக்கை அணைத்தாள். இன்னாசிராஜ் பிள்ளையின் வாயைத் தேடிக் கையை நீட்டினான். பாயில் பிள்ளை இல்லை.

மழையில் உளுத்துப்போன கதவுக்குக் கீழே நாலு விரற்கடை இடுக்கு உண்டு. ரெனிஷா அங்கே குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கை தன் வாயைப் பொத்தியிருந்தது.

அவன் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் படுத்தான். பீன்ஸ் பாத்திக்கு அப்பால் சாம்பல் நிறக் கால்கள் நகர்ந்தன. ஆயிரம் பேருக்கு யானை காட்டியவன், அதன் பாதத்தை மட்டும் இப்படிப் பார்த்ததே இல்லை. அவ்வளவு பெரிய கால், வைக்கும்போது சத்தமே இல்லை.

ரெனிஷா வாயிலிருந்து கையை எடுத்தாள். அவள் அவன் காதோடு ஒட்டிக்கொண்டு மூச்சுக்காற்றாகச் சொன்னாள்:

"செருப்பு போடல அப்பா."

ஆமாம் என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் இடுக்கிலிருந்து எடுக்கவே இல்லை.