காலண்டர் தாளைப் பிடித்த கை

எங்கள் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது விழா வைத்து, சால்வை போர்த்தி, அதை நடத்துகிற அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலும் கையும்தான் தெரியும்.

மற்ற ஆபீஸ்களின் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். ரிப்பன் வெட்டுவார்கள், மேலதிகாரிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. எந்தத் தெருவில் இன்று தண்ணீர் வராது, எந்தச் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வீடியோவும் தொடங்கும்போது ஒரு கை, அன்றைய டெய்லி காலண்டர் தாளைக் கேமராவுக்கு முன்னால் நீட்டும். மழை வந்தால் போதும், எந்தக் காலத்து வெள்ளப் படமோ எல்லோர் போனிலும் மிதந்து வருமே, அதற்காகத்தான். பிறகு தெலுங்கில் சேதி. அடுத்து அதே சேதி தமிழில், அதுவும் தெலுங்கு மாநில எல்லைக்குள் இருக்கிற நகரி பக்கத்து எங்கள் தமிழில். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. அரசாங்கம் எங்கள் வீட்டுப் பாஷை பேசி நான் கேட்டதே இல்லை.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சிறுநீரகம் போய்விட்டது. திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வரவேண்டும். போகிற நாளில், வீட்டுக் காலண்டரில் தாளைக் கிழித்து, என் போனில் தெரிகிற தாளோடு வைத்துப் பார்ப்பார். "சரியா கீது" என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் கிளம்ப முடியும். பேங்கில் கையெழுத்துச் சரிபார்ப்பவர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தடவை விடாமல் மழை பிடித்துக்கொண்டது; அதில் ஏற்கெனவே ஒரு முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. கால் வீங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருப்பதி போகிற வழியில், வடமாலபேட்டையில் லாரி முழுகிக் கிடப்பதாக ஒரு போட்டோ சுற்றிக்கொண்டிருந்தது. பவர்லூமை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "இந்த மழைல எப்டி போறது?" என்றார். நான் பக்கத்தைத் திறந்தேன். தாள். பின்னால் நனைந்த சாலை, ஓடுகிற பஸ். "லாரி போட்டோ பழசு. வண்டிங்க போய்க்கினுதான் கீது" என்றது குரல். நைனா சரிபார்த்தார். ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

புத்தூர் நெருங்கும்போது அடுத்த வீடியோ வந்தது. அதே கை, அதே தாள், பின்னால் செந்நிறத்தில் தண்ணீர். குரலில் நடுக்கம். "ரோடு நல்லா கீதுன்னு சொன்னோம். அது விடியகாலைல எடுத்தது. இப்போ ஏரித் தண்ணி ரோட்டு மேல போவுது. நாங்க சொன்னத நம்பி கெளம்பினவங்க அங்கயே நில்லுங்க. தப்பு எங்களுது."

தாள் நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது. அது யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். பின்னால் நைனா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். 'உங்களை நம்பி டயாலிசிஸ் பேஷண்டைக் கூட்டிக்கொண்டு வந்து புத்தூரில் நிற்கிறேன், இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?' என்று கோபத்தோடு கமெண்டில் அடித்தேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. உடனே வந்தது. "ரயில் ஓடிக்கினு கீது. ஸ்டேஷன்ல கேட்டுட்டேன். திருப்பதி வண்டி வரப்போவுது, சீக்கிரம் போங்கம்மா." புத்தூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவைத் திருப்பினோம். ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே வண்டி வருகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் நைனாவைக் குழந்தைபோல் தூக்கி ஏற்றினார்.

அன்று டயாலிசிஸ் முடிந்து நைனா சீராக மூச்சு விட்டதைப் பார்த்தபோது, யாரென்றே தெரியாத அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதுதான் ஆபீஸ் வழக்கம். இவர்கள் தவறாகப் போன வீடியோவை நீக்கக்கூட இல்லை. 'இது இப்போது சரியல்ல' என்று மேலே எழுதி, புதியதையும் சேர்த்து, அப்படியே விட்டிருந்தார்கள்.

நைனா கட்டிலில் படுத்தபடியே, "ஒண்ணு எழுதும்மா" என்றார். "காலண்டர் பேப்பர்ல நாள் கீது, மணி எங்க கீதுன்னு கேளு."

"காப்பாத்தி உட்டவங்களயே குத்தம் சொல்றியா நைனா?"

"தப்புன்னு ஒத்துக்கினாங்க இல்ல? அவங்களுக்குத்தான் சொல்லணும். ஒத்துக்காதவனுக்குச் சொல்லி இன்னா ஆவும்?"

கமெண்டில் எழுதினேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்து திருப்பதிக்குப் போகிற நாள், தூறல். பக்கத்தைத் திறந்தேன். கை வந்தது, தாள் வந்தது. பிறகு அந்தக் கை மெல்லத் திரும்பி, மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, முள் தெரிகிறமாதிரி நிறுத்திப் பிடித்தது.

நைனா என் போனைப் பார்த்தார். எங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். "சரியா கீது" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.